தேனிலவுக்கு இலங்கை: தவணையில் போகலாமா?

கேள்வி: மே மாதம் எங்களுக்குத் திருமணம் முடிந்தது. ஜூலையில் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. அதை விட்டால் இந்த ஆண்டு வேறு விடுப்பு இல்லை. தேனிலவுக்கு இலங்கையைச் சுற்றி வர ஆசை. டிராவல் ஏஜென்ட் ஒருவர் எட்டு இரவுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்: கொழும்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, மிரிஸ்ஸ, பெந்தோட்டை. ஊருக்கு ஓர் இரவு. விமான டிக்கெட்டோடு சேர்த்து எங்கள் இருவரின் இரண்டரை மாதச் சம்பளம் ஆகும். 10 சதவீதம் முன்பணம் கட்டிவிட்டோம். அதுபோக, கையில் நான்கு மாதச் சம்பளம் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. புது வீட்டு அட்வான்ஸ், சாமான்களுக்கு ஒரு மாதச் சம்பளம் வேண்டும். மாதச் சம்பளத்தில் 60 சதவீதம் செலவாகிறது, 40 மிஞ்சுகிறது. சேமிப்பைத் தொடவே வேண்டாம், 12 மாத வட்டியில்லாத் தவணையில் போய் வாருங்கள் என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யலாம்?

பதில்: போய் வாருங்கள். ஆனால் இந்தத் திட்டத்தில் வேண்டாம், தவணையிலும் வேண்டாம்.

முதலில் உங்களால் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று பார்ப்போம். கையில் நான்கு மாதச் சம்பளம். வீட்டுக்கு ஒன்றை எடுத்து வைத்தால் மூன்று. மூன்று மாதக் குடும்பச் செலவுக்கான அவசரக் கையிருப்பைத் தொடக்கூடாது. உங்கள் கணக்கில் அது 1.8 மாதச் சம்பளம். மிஞ்சுவது 1.2. இதுதான் உங்கள் தேனிலவின் உச்சவரம்பு. ஜூன் மாத மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். பயணத்தில் எதிர்பாராமல் ஏதாவது வந்தால் சமாளிக்கவும், திரும்பி வந்த மாதத்தை ஓட்டவும் அது இருக்கட்டும்.

தவணைக்குப் போனால் என்ன ஆகும்? முன்பணம் போக இரண்டேகால் மாதச் சம்பளம் பாக்கி. 12ஆல் வகுத்தால் மாதம் சம்பளத்தில் ஏறக்குறைய 19 சதவீதம். நீங்கள் மிச்சம் பிடிக்கும் 40இல் கிட்டத்தட்ட பாதி, கல்யாணமான முதல் வருடம் முழுக்க, பத்து நாள் பயணத்துக்குப் போய்விடும். அந்த 'வட்டியில்லா' என்ற சொல்லையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். மொத்தப் பணத்தையும் இன்றே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஏஜென்டிடம் கேளுங்கள். அவர் ஒரு தொகையைக் குறைத்தால், அதுதான் வட்டி. அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம், அதற்கு வரி. ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு.

சரி, 1.2க்குள் இலங்கையைச் சுற்ற முடியுமா? முடியும். அதற்கு முன், உங்கள் திட்டத்தில் பணம் எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். எல்லோரும் முதலில் விடுதி வாடகையில் கை வைப்பார்கள். உங்கள் விஷயத்தில் குறைக்க வேண்டியது ஊர்களின் எண்ணிக்கையை. எட்டு இரவுக்கு எட்டு ஊர் என்றால் தினமும் பெட்டி கட்டி, தினமும் வண்டி ஏறி, மதியம் அறைக்கு வந்து மறுநாள் காலை கிளம்ப வேண்டியதுதான். இலங்கை வரைபடத்தில் சின்னதாகத் தெரியும். அதிவேகப் பாதையை விட்டு இறங்கினால் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் போவதே பெரிது. பகல் பொழுதில் பாதி வண்டியிலேயே போய்விடும். ஓர் இரவுக்கு நல்ல விடுதி எடுத்து, அதன் நீச்சல் குளத்தைக்கூடப் பார்க்காமல் வெளியேறுவதற்கா இத்தனை பணம்?

இன்னொரு சிக்கல் மழை. ஏஜென்ட் இதைச் சொன்னாரா தெரியவில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். மிரிஸ்ஸ, பெந்தோட்டை இரண்டும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், குளிப்பது ஆபத்து. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் பருவமே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான். அங்கே ஜூலையில் அறை வாடகை மலிவாக இருக்கும். நீங்கள் கொடுக்கும் விலையில் அந்த மலிவு தெரிகிறதா என்று பாருங்கள். பருவகால விலையை வாங்கிக்கொண்டு பருவம் தப்பிய கடற்கரையைக் காட்டுவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

அதே ஜூலையில் கிழக்குக் கரை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி, மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடா, இரண்டிலும் கடல் அமைதியாக இருக்கும் காலம் அது. சிகிரியாவிலிருந்து திருகோணமலை 100 கிலோமீட்டர் சுமார்தான். சிகிரியாவுக்குப் பக்கத்திலேயே மின்னேரியா தேசியப் பூங்கா. வறண்ட மாதங்களில் அங்குள்ள குளத்தங்கரைக்கு யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பரில் உச்சம். யாலவுக்கு அவ்வளவு தூரம் போய் ஜீப் எடுப்பதைவிட உங்களுக்கு இதுதான் லாபம். சஃபாரியில் ஜீப் வாடகை, ஆளுக்கு நுழைவுச்சீட்டு, சேவைக் கட்டணம், வரி என்று நான்கு அடுக்கு உண்டு. ஒரு விலையை மட்டும் கேட்டுவிட்டு ஏறிவிடாதீர்கள். ஜீப் வாடகை வண்டிக்குத்தான் என்பதால், இன்னொரு ஜோடியோடு பகிர்ந்தால் அந்தப் பங்கு பாதியாகிவிடும்.

நான் போட்டுத் தரும் வட்டம் இது: கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேராக சிகிரியா அல்லது ஹபரணையில் மூன்று இரவு, நிலாவெளியில் மூன்று, கண்டியில் இரண்டு, திரும்ப விமான நிலையம். எட்டு இரவுக்கு மூன்றே படுக்கை. விமானம் நள்ளிரவில் இறங்கினால் மட்டும் சிகிரியாவில் ஓர் இரவைக் குறைத்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் ஒரு சாதாரண அறை போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: கண்டி எசல பெரஹெரா என்ற ஊர்வலத் திருவிழா ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும், தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த நாட்களில் கண்டியில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். தேதி மோதினால் கண்டியைக் கைவிட்டு, அந்த இரண்டு இரவையும் நிலாவெளியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லவுக்குப் போகும் மலை ரயிலில் வாசலோரம் நின்று படம் எடுக்க முடியாதே என்று உங்களில் ஒருவராவது முகம் சுளிப்பார். புரிகிறது. ஆனால் அந்தப் பாதையில் முன்பதிவு இருக்கைகள் 30 நாளுக்கு முன் திறந்து உடனே தீர்ந்துவிடும். அப்புறம் இடைத்தரகர்கள் சொல்வதுதான் விலை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. எந்தப் பகுதியில் ரயில் ஓடுகிறது என்பதை இலங்கை ரயில்வே அறிவிப்பில் பார்க்காமல் அந்தப் பக்கம் அறை எடுக்கக்கூடாது. மலைநாடும் தென்கரையும் சேர்ந்து நன்றாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அதை இன்னொரு விடுப்புக்கு வையுங்கள்.

வண்டி விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முழுப் பயணத்துக்கும் ஓட்டுநரோடு கார் எடுத்தால் நாளுக்குப் பெரும்பாலும் 50 டாலருக்கு மேல். நீங்கள் நிலாவெளி மணலில் படுத்திருக்கும் நாட்களுக்கும் அந்தக் காசு ஓடிக்கொண்டிருக்கும். மூன்றே ஊர் என்றால் நான்கு முறைதான் நீண்ட பயணம். அந்த நான்குக்கும் தனித்தனியாக வண்டி பேசுங்கள், மற்ற நேரம் முச்சக்கர வண்டி. கொழும்பு, கண்டி போன்ற ஊர்களில் வாடகை வண்டி அழைக்கும் பிக்மீ செயலி இருப்பதால் பேரம் பேசும் வேலையும் மிச்சம். தொடர்ந்து ஒரே ஓட்டுநரை வைத்துக்கொள்வதில் இன்னொரு செலவும் மறைந்திருக்கிறது: மாத்தளை வழியில் மூலிகைத் தோட்டம், கண்டியில் ரத்தினக் கடை என்று நிறுத்துவார்கள். அங்கே நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் கமிஷனும் அடக்கம். ரத்தினம் முதலீடு என்று யாராவது கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள்.

அறைகளில் சமமாகச் செலவழிக்காதீர்கள். சிகிரியாவில் பகல் முழுக்க வெளியே சுற்றுவீர்கள். சுத்தமான, குடும்பமாக நடத்தும் விருந்தினர் இல்லம் போதும். கண்டியிலும் அப்படியே. மிச்சமாகும் பணத்தை நிலாவெளியில் கடலைப் பார்த்த அறைக்குக் கொடுங்கள். அது தேனிலவு, அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். தேனிலவுப் பேக்கேஜ் என்ற பெயரில் பூ அலங்காரம், கேக், மெழுகுவர்த்தி விருந்து என்று ஏஜென்ட் சேர்த்திருப்பார். விடுதிக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, திருமணச் சான்றிதழ் நகலை இணைத்துக் கேளுங்கள். பல விடுதிகள் புது ஜோடிகளுக்கு இவற்றில் சிலவற்றைச் சும்மாவே செய்து தருகின்றன.

விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் கவனம். 10 சதவீதம் சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேல் வரும் என்று அர்த்தம். இலங்கையில் பெறுமதி சேர் வரி (வாட்) 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். 100 ரூபாய் என்று போட்டிருப்பது பில்லில் 130 பக்கம் வந்து நிற்கும். அறைக்கும் அப்படித்தான், 'எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு' என்று எழுத்தில் வாங்குங்கள்.

நுழைவுக் கட்டணங்களுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள். சிகிரியாப் பாறைக்கு வெளிநாட்டவரிடம் ஆளுக்கு 30 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். உங்களிடம் சார்க் (இந்தியா உள்ளிட்ட தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் குறையும், கவுன்டரில் காட்ட மறக்காதீர்கள். பக்கத்திலேயே பிதுரங்கல பாறை. கட்டணம் பல மடங்கு குறைவு. சிகிரியாவை முழுசாகப் பார்க்க அதன் உச்சிதான் வசதி. இரண்டில் ஒன்றுக்குத்தான் பட்ஜெட் என்றால் நான் பிதுரங்கலவைத்தான் சொல்வேன். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்கா. அங்கே நுழைவுச்சீட்டு வேறு, படகு வேறு. திருகோணமலையில் உள்ள திருக்கோணேச்சரம் கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

விசாவுக்கு இலங்கை அரசின் ஈடிஏ (மின்னணுப் பயண அனுமதி) தளத்துக்கு மட்டும் போங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும். உங்கள் நாட்டுக்குக் கட்டணம் எவ்வளவு, சலுகை உண்டா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

பணம் மாற்றுவது: 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை ரூபாய் சில மாதங்களில் டாலருக்கு 200இலிருந்து 360 வரை சரிந்தது. வெளிநாட்டவருக்கான அறை, வண்டி வாடகையைப் பலரும் டாலரிலேயே சொல்வார்கள். மாற்று விகிதம் மாறினால் வேறு பதிவுக்கு மாறிக்கொள்ளலாம் என்பதால், ரத்து செய்ய வசதியுள்ள, அங்கே போய்ப் பணம் கட்டும் பதிவுகளாக எடுங்கள். கார்டு தேய்க்கும்போது 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இலங்கை ரூபாயிலா' என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் இலங்கை ரூபாய். உங்கள் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தில் சில சதவீதம் போய்விடும். ஏடிஎம்மில் சிறு சிறு தொகையாக எடுக்காதீர்கள், ஒவ்வொரு முறைக்கும் கட்டணம். மாற்றிய ரசீதை வைத்துக்கொண்டால் மிச்ச ரூபாயைத் திரும்ப மாற்ற எளிது.

பயணக் காப்பீட்டை முதல் பணம் கட்டும் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். புயல் அறிவிப்பு வந்த பின் எடுத்தால் அந்தப் புயலுக்குப் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால், இலங்கையில் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஏறாதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான்.

எப்படிப் பிரிப்பது? 1.2ஐ அப்படியே எல்லைக்கோட்டில் செலவழிக்காமல், பத்தில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். மீதியில் விமான டிக்கெட், விசா, காப்பீடு முதலில். அப்புறம் அறைகள், அதில் பாதிக்கு மேல் நிலாவெளிக்கு. அப்புறம் நான்கு வண்டிப் பயணம், நுழைவுச்சீட்டு, சாப்பாடு. டிக்கெட் விலையே பாதிக்கு மேல் விழுங்கினால் இரண்டு இரவைக் குறையுங்கள். கண்டி முதலில் போகட்டும்.

கடைசியாக, கட்டிய முன்பணம். அது கால் மாதச் சம்பளம், வலிக்கத்தான் செய்யும். அதைக் காப்பாற்ற இரண்டேகால் மாதச் சம்பளத்தைக் கொண்டு போய்க் கொட்டுவதில் கணக்கு இல்லை. ரத்து விதியை முதலில் படியுங்கள். பிறகு ஏஜென்டை அழைத்து, பயணத்தை ரத்து செய்யவில்லை, திட்டத்தை மாற்றுகிறோம் என்று சொல்லுங்கள். மூன்று ஊர், நான்கு வண்டிப் பயணம், வரி சேர்த்த விலை, விடுதிகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ரத்து செய்யக் கடைசி நாள், எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். முன்பணத்தை அதில் கழித்துக்கொண்டு 1.2க்குள் தந்தால் அவரிடமே போகலாம். விடுதிப் பெயர் இல்லாமல் 'அதற்கு இணையான நான்கு நட்சத்திரம்' என்று மட்டும் எழுதி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.