ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: டாக்டர், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். அக்காவுக்கு கருப்பை வாய் கேன்சர், ரேடியேஷன் முடிஞ்சிருச்சு. திரும்ப வராம இருக்க ஸ்டெம் செல் ஊசி போடுங்கன்னு ஒருத்தர் வந்து நோட்டீஸ் குடுத்துட்டுப் போனாரு, போடலாமா?

பதில்: வேணாம்மா, காசக் குடுத்துடாதீங்க! இந்த நோய்க்கு அப்படி அங்கீகாரம் பெற்ற ஊசியே கிடையாது. ஸ்டெம் செல்னா புதுசு புதுசா செல்ல உண்டாக்குற மூல செல்லு. அதுனாலே நல்லதுன்னு நினைக்கிறோம், ஆனா கட்டிக்குள்ளயே அதே குணத்தோட கொஞ்சம் செல்லு இருக்கும், அது கீமோ ரேடியேஷனுக்கெல்லாம் தாக்குப்பிடிச்சு லாலாங் புல்லு வேரு மாதிரி கெடந்து மறுபடி தலைதூக்குதுன்னுதான் ஆராய்ச்சி பண்றவங்க சந்தேகப்படுறாங்க. அதனால அக்கா செக்கப்ப விடவே கூடாது, நடுவுல ரத்தம் பட்டா உடனே ஆஸ்பத்திரி. இந்த நோய்ல சுமார் 70 சதவீதம் எச்பிவிங்கிற வைரஸோட 16, 18ங்கிற ரெண்டு வகையால வர்றது. நீங்களும் கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்) அந்த வைரஸ் இருக்கான்னு பாக்குற எச்பிவி டெஸ்ட் கேட்டுப் பாருங்க, டெஸ்ட் குச்சிய பிறப்புறுப்புல நாமளே வச்சு மாதிரி எடுத்துக் குடுக்கலாம், கூச்சப்பட ஒண்ணுமில்ல.