டிரைவர் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி: எஃப் 1 (ஃபார்முலா 1) கார் பந்தய அணிகள் 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 135 மில்லியன் டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று விதி இருந்ததாம். ஒரு டிரைவருக்கே 50 மில்லியன் சம்பளம் என்றும் செய்தி வருகிறது. கணக்கு உதைக்கிறதே? எம்.காம். செமினாருக்கு இதைத்தான் எடுத்திருக்கிறேன், எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: வரம்புக்கு வெளியே எதையெல்லாம் விட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலிலிருந்து தொடங்குங்கள். டிரைவர் சம்பளம் அந்த 135-க்குள் வரவே வராது. அணியில் அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பேரின் ஊதியமும் வராது. விளம்பரம், விமான டிக்கெட், ஹோட்டல், மகப்பேறு விடுப்புச் சம்பளம் எல்லாமே அந்த விதியில் வெளியேதான் இருந்தன. எஞ்சின் தயாரிப்புக்குத் தனி வரம்பு இருக்கிறது. காரை வேகமாக்கும் செலவைத்தான் பிடித்துக் கட்டினார்கள்: வடிவமைப்பு, பாகங்கள், சோதனை, அந்த வேலை பார்க்கும் நூற்றுக்கணக்கானோரின் சம்பளம்.

முதலில் பேசப்பட்ட தொகை 175 மில்லியன். கொரோனா வந்து பந்தயங்கள் முடங்கியதும் குறைத்து, 2021-இல் 145, 2022-இல் 140, 2023-இல் 135 என்று இறக்கினார்கள். 135 மில்லியன் என்றால் அன்றைய மதிப்பில் சுமார் 1,100 கோடி ரூபாய். இது 21 பந்தயங்களுக்கான அடிப்படைத் தொகைதான். கூடுதல் பந்தயம், விலைவாசி உயர்வு என்று சேர்த்தால் உண்மையான வரம்பு கணிசமாகக் கூடும்.

உள்ளே வரும் செலவு எப்படிக் கடிக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு, ஏப்ரல் 2021-இல் இத்தாலியின் இமோலாவில் நடந்த பந்தயம். மெர்சிடிஸ் டிரைவர் போட்டாஸும் வில்லியம்ஸ் டிரைவர் ரஸ்ஸலும் மோதி இரண்டு கார்களும் நொறுங்கின. முன்பென்றால் மெர்சிடிஸ் போன்ற அணி புதுப் பாகங்களைச் செய்துகொண்டு போய்க்கொண்டே இருக்கும். அன்று அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் கவலைப்பட்டது வேறு: இந்தச் செலவால் அந்த ஆண்டு காரில் செய்யவிருந்த மேம்பாடுகள் குறையலாம். விபத்துச் செலவுக்கு அன்று சலுகை இல்லை.

செமினாரின் நடு மையமாக ரெட் புல் அணியை வைப்பேன். 2021 கணக்கை அவர்கள் வரம்புக்குள் காட்டினார்கள். இந்தப் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ சரிபார்த்தபோது 18.64 லட்சம் பவுண்டு, அதாவது 1.6 சதவீதம், மீறியிருந்தது. வரிச் சலுகை ஒன்றைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் மீறல் 4.32 லட்சம்தான் என்றும் எஃப்ஐஏவே சொன்னது. தவறாகப் பதிவான இனங்களில் கேட்டரிங் ஒன்று! ஊழியர்களின் சாப்பாட்டுச் செலவு வெளியே போகும் என்று அணி நினைத்திருந்தது. உள்ளே வர வேண்டும் என்றார்கள். பயன்படுத்தாத பாகங்களின் இருப்பும் அதே பட்டியலில். சரக்கு இருப்பு மதிப்பீடு படித்த உங்களுக்கு இது பழகிய தலைவலிதான்.

தண்டனை 70 லட்சம் டாலர் அபராதம், காற்றியக்கச் சோதனையில் (காரைச் சுற்றிக் காற்று பாயும் விதத்தைப் பார்ப்பது) 10 சதவீதக் குறைப்பு. அபராதம் வரம்புக்குள் சேராது. ஆகவே வசதியுள்ள அணிக்கு அது பெரிதாக வலிக்காது என்பது என் கருத்து. சோதனைக் குறைப்புதான் வலிக்கும் என்றார்கள். ஆனாலும் 2023-இல் அதே அணி 22 பந்தயங்களில் 21-ஐ ஜெயித்தது.

அப்புறம், வரம்பு வேண்டும் என்ற பேச்சு 2021-இல் முளைத்ததல்ல. 2009-இல் எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லி 4 கோடி பவுண்டு வரம்பைக் கொண்டுவரப் பார்த்தார். பெரிய அணிகள் தனிப் போட்டித் தொடரே நடத்துவோம் என்று மிரட்ட, திட்டம் காற்றில் போனது. வரம்பு வரும் என்று விண்ணப்பித்த புதிய அணிகள் மாட்டிக்கொண்டன. அப்படி வந்த ஹிஸ்பானியாவில் 2010-இல் ஓட்டினார் சென்னையின் கருண் சந்தோக். பஹ்ரைனில் அவருடைய கார் முதன்முதலாக ஓடியதே தகுதிச் சுற்றில்தான். 2011, 2012 இரண்டு ஆண்டும் மெல்போர்னில், கோவையின் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய கார் உட்பட அந்த அணியின் இரு கார்களும் வேகம் போதாமல் பந்தயத்துக்கே தகுதி பெறவில்லை. 2012 முடிவோடு அணி மூடப்பட்டது.

கடைசியாக ஒன்று. 2026-க்கான வரம்பு 215 மில்லியன். செலவைக் கண்டபடி ஏற்றிவிட்டார்கள் என்று எழுதிவிடாதீர்கள். முன்பு வெளியே இருந்த பல செலவுகளை உள்ளே இழுத்ததும் அந்த உயர்வுக்குப் பெரிய காரணம். ஆண்டுவாரியாக வரைபடம் போடுவதாக இருந்தால் 2025-க்கும் 2026-க்கும் நடுவே ஒரு கோடு கிழித்து அடிக்குறிப்பு போட்டுவிடுங்கள். கேள்வி கேட்பவர் முதலில் அங்கேதான் கை வைப்பார்.