ஆம்பியர் பாதியானா பில்லும் பாதியாகுமா?

கேள்வி: வீட்ல 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர் இருக்கு, பழசுதான் ஆனா நல்லா ஓடுது. எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வச்சு பாத்துட்டு 230 வோல்ட்ல 8.7 ஆம்பியர் இழுக்குதுன்னார். கடையில அதே சைஸ்ல பாதி ஆம்பியர் எடுக்குற ஹீட்டர காட்டி, கரண்ட் செலவு பாதியாயிடும், அந்த மிச்சத்துலயே இஎம்ஐ கட்டிடலாம்ங்கறாங்க. எடுக்கலாமா?

பதில்: இந்த காரணத்துக்காகன்னா வேணாம்.

உங்க கையில இருக்குற ரெண்டு நம்பரே போதும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்க, 230 × 8.7, கிட்டத்தட்ட 2000 வாட், அதான் பவர். வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா 26.4 ஓம், அது உள்ள இருக்குற காயிலோட ரெசிஸ்டன்ஸ். புதுசு 4.35 ஆம்பியர்னா ரெசிஸ்டன்ஸ் டபுளாகி 52.9 ஓம், பவர் 1000 வாட் (ரெசிஸ்டன்ஸ் ஏறினா சூடும் ஏறும்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, வோல்டேஜ் மாறாம இருக்கும்போது அது அப்படியே தலைகீழ்). இது வரைக்கும் கடையில சொன்னதுல பொய் இல்ல.

ஆனா வீட்டு கரண்ட் மீட்டர் எண்றது யூனிட்ட. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா 1 யூனிட். 15 லிட்டர் தண்ணிய 25 டிகிரிலேர்ந்து 45 டிகிரிக்கு ஏத்த ஏறக்குறைய 0.35 யூனிட் வேணும், எந்த ஹீட்டர மாட்டினாலும் தண்ணி கேக்குற சூடு அதேதான், உங்க பழசு அத பத்தரை நிமிஷத்துல முடிச்சிடும், புதுசு 21 நிமிஷம் எடுக்கும், அவ்ளோதான் வித்தியாசம். கடன் விஷயத்துல தினமும் பாக்குற கதைதான் இதுவும், இஎம்ஐய பாதியாக்கி வருஷத்த டபுளாக்கிட்டு கடன் கொறஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படுறது.

மிச்சமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். வயர்ல வீணாகுற சூடு ஆம்பியர் × ஆம்பியர் × வயரோட ரெசிஸ்டன்ஸ். வயர் அரை ஓம்னு வச்சுக்கிட்டா இப்ப 38 வாட் போகுது, பாதி ஆம்பியர்ல 9.5 வாட், ஆனா ரெண்டு மடங்கு நேரம் ஓடுறதால கடைசில மிச்சம் 1 சதவீதம் கிட்ட தான் வரும், அத வச்சு எந்த இஎம்ஐய கட்டுறது? (பிளக் கை வைக்க முடியாத அளவுக்கு சுடுதுன்னா அது வேற விஷயம், லூஸ் கான்டாக்ட்டா இருக்கும், உடனே சரி பண்ணிடுங்க.) உங்க ஊர்ல கனெக்டட் லோடுக்கு (வீட்ல மாட்டியிருக்குற சாதனங்களோட மொத்த வாட்) தனி சார்ஜ் இருந்தா அத மட்டும் ஒருதடவ பாத்துக்கோங்க.

செலவு பண்ணியே ஆகணும்னா, குண்டு பல்பு எங்கயாவது மிச்சம் இருக்கான்னு பாருங்க. 60 வாட் பல்புக்கு பதிலா 9 வாட் எல்இடி அதே வெளிச்சம் தரும், தினம் 5 மணி நேரம்னா வருஷத்துக்கு 93 யூனிட் நிஜமாவே குறையும். அந்த 93-அ உங்க யூனிட் ரேட்டால பெருக்குங்க, எல்இடி விலைய அதால வகுங்க, எத்தன வருஷத்துல போட்ட காசு திரும்பும்னு வந்துடும்.

ஃபிரிட்ஜ், மோட்டாருக்கு மட்டும் இந்த வோல்ட் × ஆம்பியர் கணக்க அப்படியே போடாதீங்க, அங்க பவர் ஃபேக்டர்னு ஒண்ணு இருக்கு (பெருக்கி வர்றதுல எத்தன பங்கு நிஜ வாட்டுன்னு சொல்ற எண்), நிஜ வாட் பெருக்கி வர்ற நம்பர விட கம்மியா வரும்.