திசுப் படத்தை வைத்து மார்பகப் புற்றுநோயின் போக்கைக் கணினி கணிப்பது எப்படி?

கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, ஸ்கேன் செய்வார்கள். அந்தப் படத்தில் செல்களின் உருவம், அளவு, நெருக்கம் ஆகியவற்றைக் கணினி அளக்கும். நோயின் வேகத்துக்கான தடயம் செல்களின் தோற்றத்திலேயே இருக்கிறது. மருத்துவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துத் தரம் பிரிப்பதும் அதனால்தான். ஆனால் ஒரே திசுவுக்கு இருவர் வெவ்வேறு தரம் சொல்வதுண்டு. கணினியின் அளவுகோல் மாறாது.

2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி 6,642 அம்சங்களை அளந்து, நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இது: புற்றுச்செல்களைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவின் அமைப்பும் நோயாளியின் ஆயுளோடு வலுவாகத் தொடர்புபட்டிருந்தது. களை எவ்வளவு பரவும் என்று அறிய மண்ணையும் பார்க்கிறோமே, அது போல.

அப்புறம், பலர் இதை மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமோடு குழப்பிக்கொள்கிறார்கள். இது புற்றைத் தேடும் சோதனை அல்ல. கணினி கணித்துத் தரும் எண்ணும் ஒரு வாய்ப்பளவுதான், ஒருவருக்கு இதுதான் நடக்கும் என்ற தீர்ப்பு அல்ல.