டீசல் டிரக்குல ஃப்யூல் பிரஷர் கேஜ் போடணும், எந்த கேஜ் வாங்குறது, எங்க மாட்டுறது?

மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலா, எந்த கம்பெனி நல்லதுன்னு கேட்டிருக்கீங்க. கம்பெனி பேரெல்லாம் கடைசியா பாத்துக்கலாம்ங்க, முதல்ல எந்த பிரஷர பாக்கப் போறீங்கன்னு தெளிவாகிடுங்க. டீசல் வண்டில ரெண்டு பிரஷர் இருக்கு. டேங்க்ல இருந்து லிஃப்ட் பம்ப் இழுத்து, ஃபில்டர் வழியா தள்ளி, இன்ஜெக்‌ஷன் பம்ப் வாசல் வரைக்கும் கொண்டுபோய் குடுக்கறது ஒண்ணு, அது சாதாரணமா பத்து பிஎஸ்ஐல இருந்து வண்டியப் பொறுத்து எழுபது எண்பது வரைக்கும் போகும். இன்ஜெக்‌ஷன் பம்புக்கு அந்தப் பக்கம் ரயில்ல (இன்ஜெக்டர்களுக்கு டீசல் பிரிச்சுக் குடுக்கற குழாய்) இருக்கறது இன்னொண்ணு, காமன் ரயில் வண்டில அது 1600 பாருக்கு மேலயும் போகும், அதாவது 23,000 பிஎஸ்ஐக்கு மேல. அந்த ரெண்டாவதுல கைய வைக்கவே வைக்காதீங்க. ரயில் பிரஷர் தெரியணும்னா அங்க கம்பெனி சென்சார் ஏற்கனவே இருக்கு, ஸ்கேனர் போட்டா ஸ்கிரீன்ல வந்துடும். அந்த லைன்ல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தா கூட பீச்சுற டீசல் தோல கிழிச்சு உள்ள போயிடும், வெளிய சின்ன புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனா அது ஆபரேஷன் வரைக்கும் போற கேஸு. அதனால இனி நான் சொல்றது எல்லாமே முதல் பிரஷருக்கு மட்டும்தான்.

இந்த கேஜ் எதுக்குன்னா, லிஃப்ட் பம்ப் சாகறது வெளிய தெரியாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், இழுவை கொஞ்சம் கம்மியான மாதிரி இருக்கும், அவ்ளோதான். அதுக்குள்ள இன்ஜெக்‌ஷன் பம்ப் பட்டினில ஓடிட்டு இருக்கும். 1998 கடைசில இருந்து 2002 வரைக்கும் வந்த டாட்ஜ் ராம் 5.9 கம்மின்ஸ்ல பாஷ் விபி44 பம்ப் இருந்துச்சு, இந்த விஷயத்துக்கு அதுதான் எல்லாரும் சொல்ற உதாரணம். அந்த பம்புக்கு லூப்ரிகேஷனும் டீசல்தான், கூலிங்கும் டீசல்தான், உள்ள வர்றதுல நிறைய திரும்ப டேங்குக்கே போகும், போற வழில சூட்டையும் எடுத்துட்டுப் போகும். லிஃப்ட் பம்ப் வீக் ஆனா அந்த ஓட்டம் குறையும், கொஞ்ச நாள்ல பம்பே போயிடும். ஃபோர்டு 6.0 பவர் ஸ்ட்ரோக்ல கதை வேற, அங்க 45 பிஎஸ்ஐக்கு கீழ இறங்கினா அடி வாங்குறது இன்ஜெக்டர். ரெண்டு வண்டிக்கும் டேஷ்போர்டுல கம்பெனியே ஒரு கேஜ் குடுத்திருக்கலாம், குடுக்கல.

ஆனா உங்க வண்டில லிஃப்ட் பம்ப் இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க, இத நிறைய பேரு பாக்காமலே கேஜ ஆர்டர் போட்டுடறாங்க. 2001ல இருந்து 2016 வரைக்கும் வந்த டூராமேக்ஸ் 6.6 பிக்கப்ல கம்பெனி லிஃப்ட் பம்பே கிடையாது, இன்ஜெக்‌ஷன் பம்பே டேங்க்ல இருந்து உறிஞ்சிக்கும். அங்க பிரஷர் கேஜ் மாட்டினா முள்ளு ஜீரோலயே படுத்துக் கிடக்கும், கேஜ் டூப்ளிகேட்னு கடைக்காரன திட்டுவீங்க. அந்த மாதிரி வண்டிக்கு உறிஞ்சற இழுப்ப அளக்கற வேக்யூம் கேஜ்தான் வேணும், ஃபில்டர் அடைக்க அடைக்க வேக்யூம் ஏறும்.

சரி, ரேஞ்ச். உங்க வண்டிக்கு நார்மல் பிரஷர் என்னன்னு சர்வீஸ் மேனுவல்ல பாத்துட்டு, அது டயலோட நடுவுல வர்ற மாதிரி எடுங்க. 15 பிஎஸ்ஐ ஓடுற வண்டிக்கு 0-30, 50-60 ஓடுற வண்டிக்கு 0-100. 15 பிஎஸ்ஐ வண்டிக்கு 100 கேஜ் போட்டா நாலு பிஎஸ்ஐ இறங்கினது கண்ணுக்கே தெரியாது, நமக்கு வேணும்ங்கறதே அந்த நாலுதான்.

மெக்கானிக்கலா எலக்ட்ரிக்கலான்னா, கேபினுக்குள்ள மாட்டுறதுன்னா என் ஓட்டு எலக்ட்ரிக்கலுக்கு. மெக்கானிக்கல் கேஜுக்குள்ள நேரா டீசல் வரும், அந்த ட்யூப் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) தாண்டி உங்க முட்டிக்கு மேல வரைக்கும் வரணும், எங்கயாவது உரசி லீக் ஆச்சுன்னா கேபின் முழுக்க டீசல். மெக்கானிக்கல்தான் வேணும்னு நின்னா நடுவுல ஐசொலேட்டர் கண்டிப்பா போடுங்க, இன்ஜின் பக்கம் டீசல், கேபின் பக்கம் கூலன்ட், நடுவுல ஒரு டயஃப்ரம். பானெட்டுக்குள்ளயே வச்சு அப்பப்போ திறந்து பாக்கறதுன்னா மெக்கானிக்கலே போதும், கிளிசரின் ஊத்தின கேஜா வாங்குங்க, அதிர்வுல முள்ளு ஆடாது. எலக்ட்ரிக்கல்ல சென்டரும் (sender, லைன்ல பிரஷர அளந்து வயர்ல கேஜுக்கு அனுப்பற சென்சார்) கேஜும் ஒரே செட்டா வாங்கணும், ஒண்ணோட ஓம்ஸ் கணக்கு இன்னொண்ணுக்கு ஒத்துவராது, மாத்தி மாட்டினா முள்ளு ஏதோ ஒண்ண காட்டும், நீங்களும் நம்பிடுவீங்க. பெரிய வண்டின்னா 24 வோல்ட்டா இருக்கும், கடைல கிடைக்கற கேஜ்ல நிறைய 12 வோல்ட்டுக்கு மட்டும்தான், பாக்ஸ்ல படிச்சுட்டு வாங்குங்க.

இப்போ எங்க டேப் எடுக்கறது, அதாவது லைன்ல எந்த இடத்துல இருந்து கேஜுக்கு இணைப்பு எடுக்கறதுங்கற விஷயம், இதுலதான் எல்லாமே இருக்கு. ஃபில்டருக்கு முன்னாடி எடுத்தா லிஃப்ட் பம்ப் எப்படி இருக்குன்னு தெரியும், ஆனா ஃபில்டர் அடைச்சா அங்க பிரஷர் குறையாது, சொல்லப்போனா ஏறும். நீங்க முள்ள பாத்து சந்தோஷப்பட்டுட்டு இருப்பீங்க, அந்தப் பக்கம் இன்ஜெக்‌ஷன் பம்ப் காஞ்சு கிடக்கும். ஒரே கேஜ்தான்னா ஃபில்டருக்கு அப்புறம், இன்ஜெக்‌ஷன் பம்புக்குள்ள நுழையற இடத்துக்கு எவ்ளோ பக்கமோ அவ்ளோ பக்கம் எடுங்க. நிறைய வண்டில ஃபில்டர் ஹெட்லயோ பம்ப் வாசல்லயோ டெஸ்ட் போர்ட் ஒண்ணு பிளக் போட்டு இருக்கும், அது ஃபில்டருக்கு எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துக்கோங்க. அது இல்லன்னா பேஞ்சோ போல்ட் (ஃப்யூல் லைன பிடிச்சு நிக்கற, உள்ள டீசல் போக ஓட்டை இருக்கற போல்ட்), தலைல கேஜுக்கு த்ரெட் போட்டு ரெடியாவே கிடைக்குது, பழசக் கழட்டிட்டு அத மாட்டினா வேலை முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் வாஷர் புதுசு போடுங்க, பழைய வாஷர் ஒருதடவ நசுங்கினது, திரும்ப சீல் ஆகாது.

த்ரெட்ட பாத்து வாங்குங்க. எட்டுல ஒரு இன்ச் சைஸ்ல ரெண்டு த்ரெட் வகை இருக்கு, என்பிடின்னு ஒண்ணு, பிஎஸ்பின்னு ஒண்ணு, என்பிடிக்கு இன்ச்சுக்கு 27 த்ரெட், பிஎஸ்பிக்கு 28. ரெண்டு சுத்து வரைக்கும் ஒண்ணுல ஒண்ணு ஏறும், அப்புறம் டைட்டாகும், சரி டேப்பர் (போகப்போக தடிக்கற) த்ரெட்தானே டைட்டாகத்தான் செய்யும்னு ஸ்பேனர் போட்டீங்கன்னா த்ரெட் காலி. டெஃப்லான் டேப் சுத்தாதீங்க, அதோட நூல் ஒண்ணு பிஞ்சு உள்ள போச்சுன்னா ஃபில்டர தாண்டின இடம் அது, நேரா பம்புக்குதான் போகும். டீசலுக்கு ஒத்துக்கற லிக்விட் சீலன்ட் எடுத்து, முதல் ரெண்டு த்ரெட்ட விட்டுட்டு தடவுங்க.

சென்டர நேரா பம்ப் மேலயே மாட்டாதீங்க. இன்ஜெக்‌ஷன் பம்ப் ஒவ்வொரு தடவ டீசல் இழுக்கும்போதும் லைன்ல ஒரு அடி விழும், ஓடுற நேரம் பூரா சுத்தியல்ல தட்டிட்டே இருக்கற மாதிரி, சென்டர் சீக்கிரம் போயிடும். டீசலுக்கு ஏத்த சின்ன ஹோஸ் ஒண்ணு போட்டு சென்டர பாடியிலயோ ஃபயர்வால்லயோ கிளாம்ப் பண்ணுங்க, ஹோஸ் ஆரம்பத்துல ஒரு நீடில் வால்வு. வால்வ முழுசா மூடி வண்டிய ஸ்டார்ட் பண்ணி, மெதுவா திறந்துட்டே வாங்க. முள்ளு ஏறும், ஒரு இடத்துல நடுங்க ஆரம்பிக்கும், அங்கிருந்து நடுக்கம் நிக்கற வரைக்கும் லேசா திரும்ப மூடுங்க, அதான் செட்டிங். எலக்ட்ரிக்கல்ல நடுக்கம் சரியா தெரியாது, கொஞ்சூண்டு திறந்து வச்சா போதும். நாளைக்கு சென்டர் லீக் ஆனாலும் நடு ரோட்ல அந்த வால்வ மூடிட்டு வண்டிய ஓட்டிட்டு வந்துடலாம். ஒத்த வயர் சென்டரா இருந்தா அதோட பாடிதான் எர்த், ரப்பர் ஹோஸ்ல தொங்கவிட்டா எர்த் கிடைக்காது, தனியா ஒரு வயர் இழுத்துக் குடுங்க.

வயரிங் பெருசா ஒண்ணும் இல்ல, சாவி போட்டா வர்ற சப்ளை ஃப்யூஸ் வழியா, லைட் வயர், எர்த். ஃபயர்வால்ல ஏற்கனவே இருக்கற ரப்பர் குரோமெட் வழியா வயர விடுங்க, எக்ஸாஸ்ட் பக்கம் போகவேண்டாம். முடிச்சதும் லைன்ல ஏர் இருக்கும், ஹேண்ட் பிரைமர் இருந்தா கெட்டியாகற வரைக்கும் அடிங்க, எலக்ட்ரிக் லிஃப்ட் பம்புன்னா சாவிய ரெண்டு மூணு தடவ ஆன் ஆஃப் பண்ணிட்டு செல்ஃப் அடிங்க. ஓட விட்டு ஒவ்வொரு ஜாயின்டையும் டிஷ்யூ பேப்பரால தொட்டுப் பாருங்க, ஈரம் இருந்தா உடனே காட்டிக்குடுத்துடும்.

மாட்டின உடனே புது ஃபில்டர் போட்டு ரெண்டு நம்பர் எழுதி வச்சுக்கோங்க, ஐட்லிங்ல எவ்ளோ, லோடோட மேடு ஏறும்போது ஃபுல் ஆக்ஸிலரேட்டர்ல எவ்ளோன்னு. ஐட்லிங் நம்பர மட்டும் பாத்து திருப்தி ஆகாதீங்க, சாகப்போற பம்ப் கூட ஐட்லிங்ல அழகா காட்டும். லோடுல மட்டும் நாளுக்கு நாள் இறங்குதுன்னா முதல்ல ஃபில்டர மாத்துங்க, அப்பவும் ஏறலன்னா ஒண்ணு லிஃப்ட் பம்ப் போயிருக்கும், இல்லன்னா டேங்க் உள்ள இருக்கற ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்கும். முள்ளு துள்ளுதுன்னா எங்கயோ ஏர் இழுக்குது, டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவுல பாருங்க, அந்தப் பகுதில டீசல் வெளிய ஒழுகாது, காத்துதான் உள்ள போகும். வழக்கத்த விட மேல ஏறி நிக்குதுன்னா ரிட்டர்ன் லைன் அடைப்பு, இல்ல ரெகுலேட்டர் வால்வு ஒட்டிக்கிச்சு. இன்ஜின ஆஃப் பண்ணதும் முள்ளு ஜீரோவுக்கு வர்றதப் பாத்து பயந்துட வேண்டாம், அது நிறைய வண்டில நார்மல்.