முதலில் எழும் நேரத்தைப் பிடியுங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. வீட்டிலிருந்தே கணினியில் வேலை. சில மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறேன். ரத்தப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லை என்றார் டாக்டர். தியானம், டைரி, உடற்பயிற்சி, மொபைலைக் குறைப்பது என்று ஒரு பட்டியல் போட்டு ஆரம்பித்தேன். பத்தே நாளில் எல்லாம் நின்றுபோய், இப்போது அதுவே குற்ற உணர்ச்சியாகிவிட்டது. இரவு ஒரு மணி வரை தூக்கமும் வருவதில்லை. நான் விடாமல் செய்யக்கூடிய பழக்கம் என்று ஏதாவது இருக்கிறதா?

பதில்: உங்களைக் குறை சொல்லிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். நல்ல தெம்போடு இருப்பவர்களுக்கே நான்கு புதுப் பழக்கங்களை ஒன்றாகத் தொடங்குவது கடினம். சோர்ந்திருக்கும் மனசிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அந்தப் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒன்றில் தொடங்கலாம்: தினமும் ஒரே நேரத்தில் எழுவது.

தூங்கும் நேரத்தை விட்டுவிட்டு எழும் நேரத்தைச் சொல்லக் காரணம் உண்டு. தூக்கத்தை நாம் வரவழைக்க முடியாது. எழுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம், கண் வழியே வரும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. காலையில் அது சரியாகத் தொடங்கினால் இரவுத் தூக்கமும் மெல்ல முன்னே நகரும்.

உங்களைப் போல வீட்டுக்குள்ளேயே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வெளிச்சம் கிடைப்பதே இல்லை. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அறை விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. எனவே எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போய் இருபது நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொஞ்சம் வேகமாக நடந்தால் இந்த நடையிலேயே ஏறக்குறைய அந்த அளவும் வந்துவிடும்.

ஐந்து மணிக்கு எழுகிறேன் என்று சபதம் போடாதீர்கள். மோசமான நாளிலும் எழ முடிகிற நேரமாக, ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையிலும் அதே ஏழுதான். முதல் வாரம் பகலில் கண் சொக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் களைப்புதான் இரவில் தூக்கமாக வரும்.

படுத்து இருபது நிமிடம்போல் ஆகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே இருக்காமல் எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில், பரபரப்பில்லாத ஏதாவது செய்யுங்கள். கண் செருகும்போது திரும்பப் படுங்கள். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் முன்வைத்த முறை இது. தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இன்றும் முக்கிய இடத்தில் இருக்கிறது. படுக்கை என்றாலே விழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை பழகிப்போவதை இது மாற்றுகிறது. மொபைலை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுவதற்குத் தனி அலாரம் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி கரையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது.

அடுத்தது, 'மனசு சரியானதும் செய்வோம்' என்று தள்ளிப்போடுவது. மனச்சோர்வில் இது உதவாது. எதுவும் செய்யாமல் இருக்க இருக்கச் சோர்வு கூடும், சோர்வு கூடக் கூட எதுவும் செய்யத் தோன்றாது. இந்தச் சுழலை உடைக்கத்தான் செயலை முன்னால் வைக்கும் சிகிச்சைமுறை உருவானது. அதன் விதை 1970-களில் பீட்டர் லெவின்சன் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான்: முன்பு பிடித்திருந்த ஒன்று, முடித்ததும் நிம்மதி தரும் சின்ன வேலை ஒன்று. இரண்டையும் நாளின் எந்த நேரத்தில் செய்வது என்று முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். விருப்பம் வந்ததா என்று பார்க்காமல் நேரம் வந்ததா என்று பாருங்கள். வாரம் இரண்டு முறையாவது மனசுக்கு நெருக்கமான ஒருவரிடம் குரல் கேட்டுப் பேசுங்கள். குறுஞ்செய்தி அதற்கு ஈடாகாது.

தியானம் உங்களுக்கு அமைதி தந்தால் தொடரலாம். கண்ணை மூடியதும் படபடப்பு கூடுகிறது என்றால் இப்போதைக்கு விடுங்கள், அதில் தவறே இல்லை. டைரியும் அப்படித்தான். ஒரே வருத்தத்தைத் தினமும் எழுதிக் கிளறுவது பலருக்கு மனதை மேலும் அழுத்துகிறது.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கவனித்தார்கள். ஒரு செயல் தன்னால் நடக்கும் பழக்கமாவதற்கு ஆன காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது, நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே பத்தாம் நாள் விட்டுப்போனால் பதினோராம் நாள் தொடருங்கள். முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தோ, எதிலும் நாட்டமில்லாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. உங்களுக்கோ மாதங்கள் ஆகிவிட்டன. எனவே இந்தப் பழக்கங்கள் பலன் தருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்காமல் இந்த வாரமே நேரம் வாங்குங்கள். இவை சிகிச்சைக்குத் துணை நிற்கும், அதன் இடத்தை எடுத்துக்கொள்ளாது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ உயிரை விடும் எண்ணமோ தலைகாட்டினால் அந்த நேரம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், அன்று மனநிலை எப்படி இருந்தது என்று அதுவரையிலான நாட்களுக்கு ஒவ்வொரு வரி குறித்து எடுத்துப் போங்கள். நான் இங்கே ஊகித்துச் சொல்வதைவிட அவர் துல்லியமாகச் சொல்ல அது உதவும்.