வாரா வாரம் ஒரு பக்கம் எழுதி அனுப்பறேன், ஒருத்தரும் படிக்கறதில்ல!

கேள்வி: அக்கா, நான் ரெண்டாங்கிளாஸ் டீச்சர், கிளாஸ்ல 30 பசங்க. இந்த வருஷம்தான் முதல்முறையா தனி கிளாஸ் குடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை ஆனா அந்த வாரம் நடத்தினதை எல்லாம் ஒரு முழு பக்கம் டைப் பண்ணி பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடறேன், யாரும் படிக்கற மாதிரி தெரியல. திங்கக்கிழமை காலையில 'மிஸ், இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போடணுமா'ன்னு வரும், ராத்திரி பத்து மணிக்கு 'என் பையன் கிளாஸ்ல ஒன்னுமே நடத்தலன்னு சொல்றானே மிஸ்'னு வரும். போன வாரம் ஒருத்தர் நேரா ஹெச்.எம். கிட்டயே போய் 'கிளாஸ்ல என்ன நடக்குதுன்னே எங்களுக்குத் தெரியல'ன்னு சொல்லிட்டார். தினமும் அனுப்பணுமா? அனுப்பின ஒரு பக்கத்தை இதோட வச்சிருக்கேன், பாத்து சொல்லுங்க.

பதில்: தினமும் வேண்டவே வேண்டாம் டீச்சர். இப்ப அனுப்பறதையே பாதியா குறைங்கன்னுதான் சொல்லப்போறேன்.

நீங்க வச்சு அனுப்பின பக்கத்தைப் படிச்சேன். 'கணக்கு: ஈரிலக்கக் கழித்தல், பக்கம் 34 முதல் 37 வரை. மொழி: பாடம் 6, வாசிப்புப் பயிற்சி.' இப்படியே போகுது. தப்பு ஒன்னும் இல்ல, எல்லாம் நிஜமா நடத்தினதுதான், ஆனா இது இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்களுக்கு காட்டற நோட் மாதிரி இருக்கு. வேலை முடிஞ்சு வந்து களைப்பா உட்கார்ந்திருக்கற ஒரு அம்மாவுக்கு இதை வச்சு என்ன செய்ய முடியும் சொல்லுங்க? நீங்க என்ன நடத்தினீங்கன்னு அவங்களுக்கு தேவையில்ல, சாயந்திரம் பிள்ளை நோட்டைத் திறந்து வச்சா அதுல என்ன தெரியும், அப்ப தான் என்ன செய்யணும் என்ன செய்யக்கூடாது, இதுதான் தேவை.

அந்த கழித்தலையே எடுத்துக்கோங்க, ஏன்னா ரெண்டாங்கிளாஸ்ல வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் சண்டை வர்ற முக்கியமான இடம் அதுதான். 52-லேர்ந்து 27 போகணும். நீங்க கிளாஸ்ல பத்துப் பத்தா கட்டின குச்சிக்கட்டு வச்சு, அஞ்சு பத்து ரெண்டு ஒன்னுன்னு பிரிச்சு, ஒரு கட்டை அவுத்து நாலு பத்து பன்னெண்டு ஒன்னா மாத்தி, அப்புறம் பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு, நாலு பத்துல ரெண்டு பத்து போனா ரெண்டு, 25-ன்னு நிதானமா கொண்டு போறீங்க. வீட்டுல அப்பா பாக்கறார், பையன் கோடு கோடா கட்டு வரைஞ்சுட்டு இருக்கான், 'என்னடா படம் வரையற, பக்கத்துல கடன் வாங்கு, மேல அடிச்சு நாலு போடு, முடிஞ்சுது'ன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிக்குடுத்துடறார். அவர் சொன்னதுலயும் தப்பில்ல, ஆனா பையனுக்கு இப்ப ரெண்டு வழியும் கலந்துபோய் எதுக்கு அடிச்சோம்னே தெரியாம அடிக்கறான். இல்லன்னா 35-ன்னு எழுதிட்டு வர்றான், பெருசுலேர்ந்து சின்னதைக் கழிச்சா போச்சுன்னு ஏழுலேர்ந்து ரெண்டைக் கழிச்சுடறான். இந்த வயசுல ரொம்ப சகஜமா வர்ற தப்பு அது, உங்களுக்கு தெரியும், அப்பாவுக்கு தெரியாது, அதனால வீட்டுல திட்டு விழுது.

அப்ப வெள்ளிக்கிழமை மெசேஜ்ல போக வேண்டியது இவ்வளவுதான்: 'அடுத்த வாரம் 52-லேர்ந்து 27 மாதிரி கழித்தல் செய்யறோம். பிள்ளை கட்டு வரைஞ்சு செஞ்சா அப்படியே விடுங்க, சுருக்கு வழிக்கு நாங்களே வருவோம், அது வரைக்கும் வீட்டுல சொல்லித்தர வேண்டாம். 35-ன்னு எழுதினா திட்டாதீங்க, 52-ல முதல்ல இருபது போனா எவ்வளவு, அப்புறம் ஏழு போனா எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க.' படிக்க அரை நிமிஷம் ஆகுமா? பக்கம் 34 முதல் 37-ஐ விட இதுல எவ்வளவோ இருக்கு.

வாசிப்புலயும் இப்படி ஒன்னு இருக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கறதுலேர்ந்து ஓட்டமா படிக்கறதுக்கு மாறற வயசு இது, ஏழு எட்டு வயசு. பிள்ளை ஒரே கதையை மூணாவது தடவை வீட்டுக்குக் கொண்டுவந்தா 'மனப்பாடம் பண்ணிட்டா, வேற புக் குடுங்க மிஸ்'னு உடனே மெசேஜ் வரும். திரும்பத் திரும்ப ஒரே பகுதியைப் படிச்சா வேகமும் சரளமும் கூடும்னு ஜே சாமுவேல்ஸ்ங்கற அமெரிக்க ஆய்வாளர் 1979-லயே எழுதியிருக்கார், அதெல்லாம் பேரன்ட்ஸுக்கு சொல்ல வேண்டியதில்ல, 'வேணும்னுதான் அதே கதையைக் குடுத்து விடறேன், மூணாவது தடவை எவ்வளவு சரளமா படிக்கறான்னு கேட்டுப் பாருங்க'ன்னு சொன்னா போதும். எழுத்துப்பிழையும் அப்படித்தான், காதுல விழுற மாதிரி எழுதி பள்ளியைப் பல்லி ஆக்கிட்டு வருவாங்க, எதை இப்ப திருத்தறோம் எதை அப்புறம் பாத்துக்கறோம்னு ஒரு வரி சொல்லிட்டீங்கன்னா வீட்டுல சிவப்பு பேனா வெளியில வராது.

இனி அந்த 'ஒன்னுமே நடத்தல' விஷயம். ஏழு வயசுப் பிள்ளைகிட்ட 'இன்னிக்கு ஸ்கூல்ல என்ன'ன்னு பொதுவா கேட்டா 'ஒன்னும் இல்ல'ன்னுதான் பதில் வரும், நாள் பூரா நடந்ததுல எதைச் சொல்றதுன்னு அதுக்கு தெரியாது பாவம். அதனால வார மெசேஜ்ல கேட்க வேண்டிய கேள்வியையே எழுதிக் குடுத்துடுங்க. 'கட்டை எப்ப அவுப்பீங்கன்னு கேளுங்க', 'கதையில நாய் ஏன் திரும்பி வந்துச்சுன்னு கேளுங்க', அவ்வளவுதான். அன்னிக்கு வீட்டுல பத்து நிமிஷம் பேச்சு ஓடும், 'கிளாஸ்ல என்ன நடக்குதுன்னே தெரியல'ங்கற புகார்ல பாதி அங்கயே தீர்ந்துடும். உங்க மெசேஜ் பேரன்ட்ஸுக்குப் போகுதுன்னாலும் அது வேலை செய்ய வேண்டியது அவங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவுல.

சின்ன சின்னதா சொன்னா வேலை செய்யுமான்னு சந்தேகமா இருந்தா, ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில பெஞ்சமின் யார்க், சுசானா லோப் ரெண்டு பேரும் 2014-ல வெளியிட்ட ஆய்வு ஒன்னு இருக்கு. ஸ்கூலுக்கு முந்தின வயசுப் பசங்களோட பேரன்ட்ஸுக்கு வாரத்துக்கு மூணே எஸ்.எம்.எஸ்., ஒன்னுல ஒரு தகவல், ஒன்னுல வீட்டுல செய்ய ஒரு சின்ன வேலை, மூணாவதுல உற்சாகப்படுத்தி அதையே கொஞ்சம் நீட்டறது. அவ்வளவுலயே வீட்டுல பிள்ளைகளோட எழுத்து, வாசிப்பு வேலைகள் கூடுச்சு, டீச்சர்கிட்ட பேசறதும் கூடுச்சு, பசங்க படிப்புலயும் சில விஷயங்கள்ல தெரிஞ்சுது. நீங்க வாரத்துக்கு மூணு அனுப்ப வேண்டாம், அந்த மூணையும் ஒரே மெசேஜ்ல வச்சுக்கலாம்.

ஷூ கேள்வியை இதோட கலக்காதீங்க. தினசரி வழக்கம் தனி, அதை ஒரு தடவை ஒரே ஒரு தாள்ல எழுதி, காகிதமாவே குடுத்துடுங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டிக்கட்டும். எந்த நாள் விளையாட்டு, எந்த நாள் லைப்ரரி புக் திருப்பித் தரணும், வாசிப்பு நோட் எப்ப வரும் எப்ப போகணும், ஹோம்வொர்க் சராசரியா எவ்வளவு நேரம் ஆகணும், அதுக்கு மேல ஆனா நிறுத்திட்டு நோட்ல ஒரு வரி எழுதி அனுப்பலாம்னு ஒரு அனுமதி (இதை மறக்காம போடுங்க, ராத்திரி அழுகை பாதி குறையும்), கூட்டிட்டுப் போக வேற ஆள் வந்தா யார்கிட்ட சொல்லணும். அதுக்கப்புறம் மாறினா மட்டும்தான் சொல்லணும், அதையும் காலையில சொல்லாம முந்தின நாள் சாயந்திரமே சொல்லுங்க. நீங்க லீவு போட்டு வேற டீச்சர் வர்ற நாள்னா கண்டிப்பா சொல்லுங்க, ரெண்டாங்கிளாஸ் பசங்கள்ல சிலருக்கு அது பெரிய கலவரம், வீட்டுல முன்னாடியே சொல்லி அனுப்பினா தாங்கிக்குவாங்க.

இன்னொன்னு, இதுல பசங்களையே வேலை வாங்கலாம். கடைசி பத்து நிமிஷத்துல 'இன்னிக்கு வீட்டுல சொல்ல ஒரு விஷயம்'னு அவங்களே டைரியில ஒரு வரி எழுதட்டும். எழுத்துப் பயிற்சியும் ஆச்சு. கோணல்மாணலா இருக்கும், சில நாள் 'இன்னிக்கு ஜன்னல்ல அணில் வந்துச்சு'ன்னு மட்டும் இருக்கும், இருக்கட்டும், அதுவும் கிளாஸ்ல நடந்ததுதானே.

குரூப்புக்கு வருவோம். அட்மின் மட்டும் மெசேஜ் போடற மாதிரி செட்டிங்ஸ்ல மாத்திடுங்க, இன்னிக்கே. கோவிச்சுக்குவாங்கன்னு பயப்படாதீங்க, பாதிப் பேர் மனசுக்குள்ள நன்றி சொல்லுவாங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட்னா ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு தெரியாது, அது நல்லது, ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும், அதை சரிபாத்துட்டுத்தான் மாறணும். கேள்விகளுக்கு சாயந்திரம் இத்தனை மணியிலேர்ந்து இத்தனை மணி வரைக்கும் பதில் சொல்வேன்னு ஒரு தடவை சொல்லிட்டு அதுலயே நில்லுங்க. ராத்திரி பத்து மணிக்கு நீங்க ஒரு தடவை பதில் போட்டா அது வழக்கம் ஆயிடும். ஒரு தனிப் பிள்ளையோட மார்க்கோ குறும்போ எந்தக் காரணத்துக்கும் குரூப்ல வரக்கூடாது, பாராட்டுன்னாலும் சரி, 'ஏன் என் பிள்ளை பேர் இல்ல'ன்னு மத்த 29 வீட்டுல கேள்வி வரும். போட்டோ போடறதுன்னா எழுத்துல சம்மதம் வாங்கினப்புறம்தான்.

பேரன்ட்ஸுக்கு நிஜமா வேணும்கறது தன் பிள்ளையைப் பத்தி. அதுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேர்னு வச்சுக்கோங்க, 30 பசங்க, ஆறு வாரத்துல ஒரு சுத்து முடிஞ்சுடும். ஒரே ஒரு வரி, தனியா. 'நல்லா படிக்கறா'ன்னு எழுதாதீங்க, அதுல ஒன்னும் இல்ல. மாத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஒரு ஹைஸ்கூல் கோடை வகுப்புல இதை செஞ்சு பாத்தாங்க, வாரம் ஒரு வரி வீட்டுக்குப் போச்சு, பாஸ் ஆகாம போனவங்க 15.8 சதவீதத்துலேர்ந்து 9.3 சதவீதமா குறைஞ்சாங்க, அதுலயும் பாராட்டை விட 'இதை இன்னும் சரி பண்ணலாம்'னு போன வரிக்குத்தான் அதிக பலன். அவங்க பெரிய பசங்க, உங்க கிளாஸுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனா 'பத்து தாண்டி கூட்டறப்ப இன்னும் விரல் விட்டு எண்ணறா, ஏழும் மூணும் பத்து மாதிரி ஜோடிகளை வீட்டுல விளையாட்டா கேளுங்க'ன்னு எழுதினா எந்த வீட்டுலயும் அது பயன்படும். பிள்ளையைப் பத்தி நிஜமாவே கவலைப்படற விஷயம் இருந்தா மெசேஜ்ல வேண்டாம், போன் பண்ணுங்க, இல்லன்னா நேர்ல கூப்பிடுங்க, டைப் பண்ணின எழுத்துல எல்லாமே கோபமா தெரியும்.

படிக்காதவங்க எல்லாரும் அக்கறை இல்லாதவங்கன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க. சிலருக்கு நைட் ஷிஃப்ட், சிலருக்கு உங்க மெசேஜ் இருக்கற மொழி வராது, சிலருக்கு படிக்கவே கஷ்டம், அதை வெளியில சொல்ல மாட்டாங்க. அதே விஷயத்தை ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜா சேர்த்து அனுப்புங்க, சாயந்திரம் பிள்ளையைப் பாத்துக்கற பாட்டி தாத்தாவும் கேட்பாங்க. அப்பா அம்மா தனித்தனியா இருக்கற வீடுன்னா, ஒருத்தருக்குத்தான் சொல்லணும்னு ஸ்கூல்ல ஏதாவது உத்தரவு இல்லாத வரைக்கும் ரெண்டு பேருக்கும் போகணும்.

இந்த வெள்ளிக்கிழமை அந்த ஒரு பக்கத்துக்குப் பதிலா அஞ்சாறு வரி மட்டும் அனுப்பிப் பாருங்க, கூடவே அந்த வழக்கத் தாளையும் குடுத்து விடுங்க. ரெண்டையும் முதல்ல உங்க ஹெச்.எம். கிட்ட காட்டிடுங்க, அடுத்த புகாரும் அவங்ககிட்டதானே போகப்போகுது, அப்ப அவங்க கையிலயும் ஒரு காப்பி இருக்கட்டும்.